ஒழுகாது, ஐயா

என் சலப்பையை, சிறுநீர் தங்கும் பையை, எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அதற்குப் பதிலாகக் குடலில் ஒரு துண்டை வெட்டி, தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே வெளியில் இழுத்து, ஒரு சின்ன வாய் வைத்திருக்கிறார்கள். நல்ல சிவப்பு, தொட்டால் நோகாது. அந்த வாயைச் சுற்றித் தோலில் ஒரு தட்டு ஒட்டவேண்டும், தட்டில் ஒரு பை. சலம் அதற்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அடக்கிவிட்டுப் பிறகு போவோம் என்ற பேச்சே கிடையாது. நித்திரையிலும் இறங்கும், சாமி கும்பிடும்போதும் இறங்கும்.

எங்கள் வன்னியில் ஒருவர் உடம்பில் குறை தெரிந்தால் முதல் கேள்வி, "எந்த இடத்தில காயப்பட்டனீங்கள்?" என்பதுதான். சண்டையில் செல் பட்டது என்றால் ஒரு மரியாதை உண்டு. கான்சர் என்றால் கேட்டவர் மெல்லத் தள்ளி நிற்பார். கிளிநொச்சி பஸ்ஸில் ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார். காரணத்தைச் சொன்னதும், என் தோளைத் தொட்ட கையைத் தன் சாரத்தில் துடைத்துக்கொண்டார். ஒட்டும் நோய் என்று நினைத்தாரோ என்னவோ. நான் இடத்தை விட்டு எழும்பவில்லை, தந்தது தந்ததுதான்.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. தட்டு மாற்றுவதென்றால் காலையில், தேத்தண்ணி வாயில் படுவதற்கு முன் மாற்றவேண்டும். அப்போதுதான் ஊற்று கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பை பாதி நிறையமுன் அதன் அடியிலுள்ள குழாயைத் திறந்து ஊற்றிவிடவேண்டும். விட்டால் பாரம் தட்டை இழுத்துக் கழற்றிவிடும். இடுப்புக் கயிறு தட்டின் விளிம்பைக் கிளப்புகிறது என்று மனைவி ஒருநாள் அதைக் கத்தரித்தாள். அதைப் பார்த்த அம்மா, செத்தவனுக்கல்லவா அரைஞாண் அறுக்கிறது என்று குழறி அழுதார். கயிறில்லாத அரையோடு நான் வயலுக்குப் போய் உரம் எறிந்துவிட்டு வந்தேன்.

அம்மா என்னோடுதான் இருந்தார். கடைசி மாதங்களில் படுக்கை. அவருக்கும் குழாய் போட்டு, கட்டில் காலில் ஒரு பை தொங்கியது. காலையில் முதலில் அவருடையதை ஊற்றிக் கழுவுவேன், பிறகு என்னுடையதை. அம்மா பார்த்துக்கொண்டே கிடப்பார்.

"நீயும் நானும் ஒரே மாதிரியாப் போனம், மோனே" என்பார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாது. ஒருநாள் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு நீதான் கொள்ளி வைக்கோணும். பை கிய்யெண்டு சாட்டுச் சொல்லிப்போட்டு நிக்காதை."

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். நாங்கள் இரண்டு பேர். ஐயாவுக்கு அண்ணை செய்தார். அம்மாவுக்கு நான்.

காலபோக அறுவடை முடிந்த கையோடு அம்மா போய்விட்டார். எங்கள் ஊர் கண்டாவளை முழுவதும் வைக்கோல் மணம். பந்தல் போட்டு, பறை வந்து, சனமும் வந்துவிட்டது. அப்போதுதான் மாமா, அம்மாவின் தம்பி, கதிரையில் இருந்தபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"அவன் உந்தப் பையோடை எப்பிடிக் கிரியையில இருக்கிறது? மூத்தவன் செய்யட்டுமன்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் பந்தல் காலைப் பார்த்தார். அண்ணை அப்படித்தான். என் ஒப்பரேசனுக்குப் பிறகு ஒருநாளும் தவறாமல் வைத்தியசாலைக்கு வந்தார். கட்டிலருகே நின்று, குளத்தில் தண்ணி எவ்வளவு நிற்கிறது, யாரின் வரம்பு உடைந்தது என்று கதைப்பார். கண் மட்டும் என் கழுத்துக்குக் கீழே இறங்காது. இத்தனை காலத்தில், அது எப்படியிருக்கும், நோகுமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அந்தக் கோபம் உள்ளுக்குள் கிடந்தது.

குருக்களிடம் நானே போனேன். மறைக்காமல் சொன்னேன். அவர் தருப்பையை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கிரியை முடியுமட்டும் கழட்டி வைக்கேலாதோ?"

"கழட்டினா ஓடும் ஐயா. பையோடை இருந்தாத்தான் சுத்தம்."

அவர் யோசித்தார். கெட்ட மனிதரில்லை, ஆனால் அவருக்கும் இது புதிது. "சரி. தோய்ஞ்சுபோட்டு வாங்கோ. ஆனா தருப்பை போட்டாப்பிறகு நடுவில எழும்பேலாது. ஒண்டும் ஒழுகவும் கூடாது. ஒழுகினால் அண்ணர்தான் மிச்சத்தைச் செய்யவேணும். தாய்க்குக் குற்றம் வரக்கூடாது, கண்டியளோ."

"ஒழுகாது, ஐயா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

அன்று விடிந்ததிலிருந்து ஒரு மிடறு தண்ணி குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் வராது என்று நினைத்தேன். வருவது குறையும், நிற்காது. முதலில் அம்மாவுக்கு அரப்பும் எண்ணெயும் வைக்கும் சடங்கு. உச்சியில் எண்ணெய் வைக்கும்போது தலை எவ்வளவு சின்னதாய்ப் போய்விட்டது என்று பார்த்தேன். உள்ளே ஓடிவந்து புதுத்தட்டு ஒட்டினோம். பறை அடிக்கத் தொடங்கிவிட்டது, வெளியே கூப்பிடுகிறார்கள். மனைவி, "இஞ்சேருங்கோ, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ" என்றாள். சும்மா தண்ணியில் அலம்பிவிட்டு அவசரத்தில் தட்டைப் பிடித்து அழுத்தினேன். எண்ணெய் பட்டால் தட்டு தோலைப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அம்மாவின் தலையில் வைத்த எண்ணெயை, அந்த நேரத்தில் கழுவித் தீர்க்கவேண்டிய ஒன்றாக நினைக்க மனம் வரவில்லை.

கிணற்றடியில் வாளி வாளியாக ஊற்றினார்கள். ஈரவேட்டியைத் தட்டுக்கு மேலே, விலாவுக்குக் கிட்ட ஏற்றிக் கட்டி, அதன் மேல் சால்வையைச் சுற்றினேன். தருப்பை போட்டு உட்கார்ந்ததும் குருக்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். என் காது மந்திரத்தில் இல்லை, வயிற்றில் இருந்தது. மடித்த தொடைமேல் பை கனத்துக்கொண்டு வருவது தெரிந்தது. பெண்கள் ஒப்பாரி சொல்லி அழுதார்கள், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். நான் அழவில்லை. அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கினால் தட்டு கிளம்பும் என்று பயம். சொந்தத் தாயின் செத்தவீட்டில் கல்லுப்போல இருந்தேன். அதைப் பார்த்துச் சனம் என்ன நினைத்திருக்கும் என்று இப்போதும் சிலவேளை நினைப்பேன்.

பெட்டி எழும்பியது. எங்களில் பெண்கள் சுடலைக்கு வருவதில்லை, வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். என் உடம்பின் அந்த இடத்தைத் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் படலையில் நின்றாள். மாற்றுத் தட்டும் பையும் துவாயும் போட்ட சொப்பிங் பையை அண்ணையிடம் நீட்டினாள்.

"அத்தான், இதைக் கையோடை வைச்சிருங்கோ."

அண்ணை அதை வெடிக்கும் சாமானை வாங்குவதுபோல இரண்டு விரலால் வாங்கினார். நான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன்.

சுடலையில் விறகு அடுக்கி, அம்மாவை வைத்து, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. தண்ணிக்குடத்தைத் தோளில் வைத்தார்கள், கொள்ளிக்கட்டையை முதுகுப்பக்கம் பிடிக்கத் தந்தார்கள். மூன்று தரம் சுற்றவேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை கொத்துவார்கள். முதல் துளையிலிருந்து தண்ணி என் முதுகில் இறங்கியது, குளிர்ந்த கிணற்றுத் தண்ணி. இரண்டாம் சுற்றில் வலது தொடையில் இன்னொன்று இறங்கியது. அது சூடு.

நிற்கலாமா என்று நினைத்தேன். நின்றால் எல்லாருக்கும் தெரியும், கொள்ளி அண்ணையின் கைக்குப் போகும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் என் உடம்பு கெடுத்துவிட்டது. குனிந்து பார்த்தேன். தண்ணி குடிக்காதிருந்ததால் வெள்ளை வேட்டியில் மஞ்சள் நன்றாகத் தெரிந்தது.

அப்போது பின்னால் வந்த அண்ணை, குடம் கொத்துபவரின் கையிலிருந்து கத்தியை வாங்கினார். "நான் கொத்திறன்" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் துளையை அவர் கொத்தியது துளையே அல்ல, ஓட்டையாக உடைத்தார். குடத்துத் தண்ணி முழுவதும் தோளால் வழிந்து என் வயிற்றிலும் வேட்டியிலும் கொட்டியது. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். மாமா, "மெல்லடா!" என்றார். அண்ணை ஒருவரையும் பார்க்கவில்லை.

குடத்தைப் பின்புறமாகப் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் அப்படியே நடந்தேன். அண்ணை என் முழங்கையைப் பிடித்து, சனத்தை விட்டு விலத்தி, வாய்க்கால் கரைப் பற்றைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அவிழ்" என்றார்.

அவிழ்த்தேன். தட்டு பாதி கழன்று தொங்கியது. அண்ணை முதல்முறையாகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சின்னச் சிவப்பு வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. துவாயை எடுத்து, அது நோகுமோ என்ற பயத்தில் தொட்டும் தொடாமலும் ஒற்றினார்.

"அண்ணை, குருக்களுக்கு ஒழுகாதெண்டு சொன்னனான். அம்மாவைச் சுத்தேக்கை என்ரை சலம் ஒழுகிப்போச்சு. அவாவுக்குக் குற்றமாப் போச்சோ?"

அண்ணை துவாயைப் பிழிந்தார்.

"விசர்க்கதை கதையாதை. நாலு வயசு மட்டும் அவான்ரை மடியிலதானே பெய்தனி. உன்ரை சலம் படாத சீலை அவாட்டை ஒண்டெண்டாலும் இருந்ததோ?"

அப்போதுதான் நான் அழுதேன். வயிறு குலுங்கக் குலுங்க, அண்ணையின் கை அந்த இடத்தைப் பொத்திப் பிடித்திருக்க, அழுதேன்.