இரண்டரைக் கிலோ

லண்டன் புல்தரை டென்னிஸில் பெண்கள் ஃபைனல் நடக்கும் சனிக்கிழமை துபாயில் எங்கள் அல் குசைஸ் ஃபிளாட்டில் டிவி ஓடாது. யாரும் தடை போடவில்லை. நான் டிவியைப் போட மாட்டேன், என் மகள் கேட்க மாட்டாள், அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்து சிமெண்ட் கோர்ட்டில், இந்த ஊர் வெயிலில், தோல் கருத்துப் போய் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஆடுகிற வீடியோவைச் சென்னையில் ஒரு கோச்சுக்கு அனுப்பியிருந்தோம். ஜூலை லீவில் அழைத்து வாருங்கள், புதன்கிழமை தேர்வு, எடுத்துக்கொண்டால் இங்கேயே தங்கிப் படிக்கலாம், ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டில்கூட கோர்ட் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

ஃபைனல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவருக்கும் ஃபிளைட். கணவருக்கு ஆகஸ்டில்தான் லீவு. வளைகுடாக் குடும்பங்களுக்குத் தெரியும், ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று. ஹாலில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. பெட்டிக்கு முப்பது கிலோதான் கணக்கு, ஒன்று ஏற்கெனவே முப்பதைத் தொட்டிருந்தது. என் கணவர் தொங்கு தராசைக் கையில் வைத்துக்கொண்டு கஸ்டம்ஸ் அதிகாரி மாதிரி நின்றார். டிவிக்கு முன்னால் தரையில் அவள்.

"முப்பத்திரண்டரை. ரெண்டரைக் கிலோ கூட இருக்கு. எதையாவது எடு."

எதை எடுப்பது? பால் பவுடர் டின் நாத்தனாருக்கு. பாதாம், பிஸ்தா நாத்தனாருக்கு. சென்ட் பாட்டில் நாத்தனார் வீட்டுக்காரருக்கு, சோப்பு அவள் மாமியாருக்கு. அதற்கு முந்தின வருஷம் கொஞ்சம் குறைத்துக் கொண்டுபோனதற்கு, கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு நடுவில், "துபாய்ல இருந்து அண்ணி கையை வீசிக்கிட்டு வந்திருக்காங்க" என்றாள் மகராசி. அன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அந்த வாய்க்குப் பயந்துதான் அத்தனையும் வாங்கினேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம், பயந்துதான்.

கூடுதல் எடைக்குக் காசு கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் ஒரு கிலோவுக்குக் காசு கட்டினவனை அடுத்த பத்து வருஷம் கிண்டல் செய்வார்கள்.

கணவர் கண்ணால் காட்டினார். பெட்டியின் ஓரத்தில் ராக்கெட் பை. இரண்டு ராக்கெட், ஷூ. கையில் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று அவர் ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்களாம்.

"அதைக் கொண்டு போகலேன்னா எப்படிங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"அங்க கோச்சுகிட்ட ராக்கெட் இல்லாமலா இருக்கும்? ஒரு நாள் கூத்து. யாராவது குடுப்பாங்க."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது செட். இரண்டு வாரம் ஓடி ஓடி, கோட்டோரத்துப் புல்லெல்லாம் செத்து மண் தெரிந்தது. அவள் "கமான், கமான்" என்று முட்டியில் குத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் நான் பையை உருவி, படுக்கையறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திரும்பி வந்தபோது ஒருத்தி ஜெயித்துப் புல்லில் மல்லாந்து கிடந்தாள். தோற்றவளைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"தோத்தவங்களை எதுக்கும்மா பேசச் சொல்றாங்க?" என்றாள் மகள்.

"எனக்கென்ன தெரியும்? போய்ப் படு, காலைல ஃபிளைட்."

எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பூட்டிட்டியா?"

"பூட்டியாச்சு. கரெக்டா முப்பது."

பூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். பிறகு போய்ப் படுத்துவிட்டாள்.

சென்னையில் நாத்தனார் வீட்டில், புதன்கிழமை காலை வரை அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கிளம்புகிற நேரத்தில், "ஏர்போர்ட்ல ராக்கெட்டை எடுத்துட்டாங்கடி, உன்கிட்ட சொன்னா அழுவேன்னுதான் சொல்லலை" என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "ஓகேம்மா" என்றாள். நாத்தனார் பால் பவுடரைக் கலக்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அங்கே வந்திருந்த பிள்ளைகள் தோளில் ஆளுக்கு மூன்று ராக்கெட். என் மகள் கான்வாஸ் செருப்பும் வெறுங்கையுமாகப் போய் நின்றாள்.

"ராக்கெட் எங்கம்மா?" என்றார் கோச்.

நான் வாயைத் திறப்பதற்குள், "மறந்துட்டேன் சார்" என்றாள்.

"டென்னிஸ் ஆட வர்ற பொண்ணு ராக்கெட்டை மறக்குமா?"

யாரோ ஒரு பெரிய பையனுடையதைக் கொடுத்தார்கள். பிடி அவள் கைக்கு அடங்கவில்லை. முதல் பந்து வேலிக்கு மேலே போனது, இரண்டாவது வலைக்குக் கீழே. கால் வழுக்கி ஒரு தடவை விழுந்தாள். முட்டியைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மறுபடி வலையில் அடித்தாள். பதினைந்து நிமிஷத்தில் அவர் போதும் என்று கை காட்டிவிட்டார். வீடியோவில் பார்த்த பெண் இவள்தானா என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒட்டி உட்கார்ந்து, "அந்த ஏர்போர்ட்காரன் மட்டும் விட்டிருந்தான்னா..." என்று ஆரம்பித்தேன். பாவி, அப்போதும் பொய்தான் வாயில் வந்தது.

"விடும்மா. நீ பையை எடுத்துட்டுப் போனதை நான் பார்த்தேன்."

"அப்பவே ஏன்டி கேக்கலை?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மேட்ச் முடிஞ்சதும் நீயே திருப்பி வச்சிடுவேன்னு நினைச்சேன்."