வெறும் மண்ணுக்குத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் வாசலில் புல் வளர்த்தபோது கடலோரத்தில் இருக்கும் எங்கள் பூரணாங்குப்பமே சிரித்தது. மாடு இல்லாத வீட்டுக்குப் புல் எதற்கு என்று கேட்காத வாய் இல்லை. நானும்தான் கேட்டேன். மில் வேலை முடிந்து வீட்டோடு இருந்த மனுஷன் யார் பேச்சையும் காதில் வாங்காமல் புல் நட்டு, நடுவில் மூன்று கைகளோடு சுற்றித் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் ஒன்றையும் வைத்தார்.

அடுத்த வருஷம் வாதம் அடித்துப் போட்டது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. காலையில் நாற்காலியில் உட்காரவைத்து மோட்டாரைப் போட்டால், அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்துவிடுவார். அந்த ஒன்றுக்குத்தான் அவர் கண்ணில் உயிர் வரும்.

பங்குனியில் ஸ்பிரிங்ளர் நின்றுபோனது. கஞ்சியும் நின்றது. ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கிண்ணத்தையே வீசினேன். அவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார்.

பிளம்பர் தம்பி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். சீ, இவனை நம்பி என் மனுஷனைப் பறிகொடுப்பதா என்று நானே அதைக் கழற்றினேன். துளைகளிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறை. புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, ஊக்கால் குத்திக் குத்தி எடுத்தேன். சுற்றும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மோட்டாரைப் போட்டதும் திக்கித் திக்கிச் சுற்ற ஆரம்பித்தது. அவர் கோணல் வாயால் சிரித்தார். அன்று ஒரு கிண்ணக் கஞ்சியும் உள்ளே போனது.

சித்திரையில் புல் நுனி கருகத் தொடங்கியது. அப்போதுதான் ஒருவழியாக வந்து சேர்ந்த பிளம்பர், தண்ணீரை நாக்கில் விட்டுத் துப்பினான். எங்களுக்குக் குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். ஸ்பிரிங்ளருக்குப் போகும் போர்வெல் தண்ணீரை நான் வாயில் வைத்து எத்தனையோ காலம்.

“இன்னாக்கா இது, கடல் தண்ணி கணக்கா இருக்குது! இந்தப் பக்கம் எல்லா போரும் இப்பிடித்தான் பூடுச்சு. இத்த ஊத்துனா புல்லு செத்துடும். நிறுத்திடுக்கா.”

“நிறுத்துனா அவரு சாப்பிட மாட்டாருப்பா.”

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நான் நிறுத்தவில்லை. புல்லா, புருஷனா என்றால் எவளுக்கு யோசனை வரும்? தினமும் மோட்டாரைப் போட்டேன். வைகாசி முடிவதற்குள் புல் இருந்த இடம் தெரியாமல் போனது. வெறும் மண்ணின் மேல் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார்கள். பார்த்துத் தொலையட்டும், அவர் தண்ணீரைத்தானே பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை, ஸ்பூனைக் கொண்டுபோனபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைக்க, வாய் கோணி, வார்த்தை வெளியே வந்தது.

“போதும்டி.”

ஐயோ, பேசிவிட்டார்! பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட கேட்டைப் பார்த்து ஓடினேன். பாதி வழியில், அந்தச் செத்த மண்ணின் நடுவில், புடவை நனைய நின்றபோதுதான் அவர் எதைப் போதும் என்று சொன்னார் என்று உறைத்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. கஞ்சிக்கும் வாயைத் திறக்கவில்லை.