ஞானம் சிஸ்டரின் குரல்

சென்ற மாதம் ஒரு காலையில், என்னிடம் வேலை பார்த்த செவிலியர் வசந்தி தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. "மேடம், ஞானசெல்வம் தேவதாஸ், நாசரேத்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஞானம் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. தில்லியில் எங்கள் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் வேலை பார்த்த எவருக்கும் புரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அதை விளக்க வேண்டும், பின்னால் விளக்குகிறேன். அடக்கம் எங்கே, ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

ஜனக்புரியில் அவருடைய தம்பி வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில் உங்களில் பலர் பேசினீர்கள். வாய்தான் கடுமை, மனசு தங்கம் என்று ஒருவர் தொடங்கினார். மற்றவர்களும் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். என்னைப் பேச அழைத்தபோது மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஞானம் சிஸ்டரின் மனம் தங்கமா என்று நான் உரசிப் பார்த்ததில்லை. அவர் மிகத் திறமையான செவிலியர். நோயாளிகளிடமும் அவர்களுடைய வீட்டாரிடமும் முரட்டுத்தனமாகப் பேசுவார். இரண்டும் உண்மை. ஒன்றைப் போர்த்தி மற்றதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

நான் அங்கே செவிலியர் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். திருச்சியில் கன்னியர் நடத்திய கான்வென்டில் படித்தவள் நான். குரலை உயர்த்துபவர் அப்போதே தோற்றுவிட்டார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். முதல் நாள் வார்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போனேன். ஆண்கள் மருத்துவ வார்டை அடைவதற்கு முன்பே, மாடிப்படியிலேயே, ஒரு குரல் கேட்டது. "பாஹர்! சப் பாஹர் நிக்லோ! யே ஸ்டேஷன் ஹை க்யா?" எல்லாரும் வெளியே போங்கள், இது என்ன ரயில் நிலையமா என்று. உள்ளே போனேன். கையிலிருந்த தெர்மாமீட்டரால் வாசலைக் காட்டியபடி, நெட்டையான ஒரு பெண்மணி நின்றிருந்தார். நோயாளிகளின் உறவினர்கள் டிபன் பாத்திரங்களோடு சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் தெர்மாமீட்டரைக் கீழே இறக்கவில்லை. "நீங்களும் செத்த வெளிய நில்லுங்க மேடம், ரவுண்ட்ஸ் முடியட்டும்" என்றார். நான் யாரென்று தெரிந்துதான் சொன்னார்.

புதிதாக வரும் பெண்கள் அவரைப் பற்றி முதலில் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். சிஸ்டர் இந்தியை வார்டு ஆயாக்களிடமும் பஸ் கண்டக்டர்களிடமும் கற்றவர்; அவருக்குக் கட்டளைகள் மட்டுமே தெரியும்; பாவம், மரியாதையாகப் பேச வராது. இரண்டாவது வாரம் அவர் தமிழில் திட்டுவதைக் கேட்டதும் அந்தச் சமாதானம் போய்விடும். புதியவர்கள் எவரையும் அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோரும் "புதுசு"தான். "ஏட்டி புதுசு, ஊசியப் பிடிக்கியா, கரண்டியப் பிடிக்கியா?" ஒரே நேரத்தில் மூன்று புதியவர்கள் இருந்தால் மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நோயாளிகளுக்கும் பெயர் கிடையாது, படுக்கை எண்தான். பணி மாறும்போது, போகிறவர்களும் வருகிறவர்களும் படுக்கை படுக்கையாக நடந்து நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பார்கள். அதற்கு 'ஓவர்' என்று பெயர். எல்லா வார்டிலும் எண்ணையும் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஞானம் சிஸ்டர் எண்ணை மட்டும் சொல்வார். "ஏழு, ஜுரம் குறைஞ்சிருக்கு. எட்டு, டிரிப் ஓடுது." மழைக்காலம் முடிந்து காய்ச்சல் பரவும் மாதங்களில் ஒரு படுக்கைக்கு இருவர் படுத்திருப்பார்கள், தரையில் இன்னொருவர். அப்போது ஒன்பது, ஒன்பது ஏ, ஒன்பது பி.

ஆனால் அவருடைய பணி நேரத்தில் யாராவது இறந்திருந்தால், ஓவரில் அந்தப் படுக்கையருகே நிற்பார். இறந்தவரின் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர். அவ்வளவுதான். பிறகு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

வசந்தி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இதைப் பார்த்திருக்கிறாள். அவள் தில்லியிலேயே பிறந்தவள். அப்பா அரசாங்க எழுத்தர். கோல் மார்க்கெட் குடியிருப்பில் வீடு. இந்தியில் மரியாதைக்கு 'ஜீ' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டாள். புதியவர்களை ஒரு மாதம் முடிந்ததும் என் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, வார்டில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம். மற்றப் பெண்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வசந்தி மட்டும், "செத்தாத்தான் பேர் கிடைக்குமா மேடம் அந்த வார்டுல?" என்று கேட்டாள். சிஸ்டரிடமே கேட்க வேண்டியதுதானே என்றேன். கேட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"என்ன சொன்னார்?"

"'உசுரோட இருக்குறவனுக்கு மருந்து குடுக்கலாம், ஊசி போடலாம். செத்தவனுக்கு நம்மகிட்ட வேற என்னட்டி இருக்கு?'ன்னாங்க. அப்புறம், 'கேள்வி கேட்ட நேரத்துல ரெண்டு பெட்ஷீட் மாத்தியிருக்கலாம்'னு சொன்னாங்க."

எண்ணை மட்டும் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. நோயாளியைப் படுக்கை மாற்றினால் மருந்தும் மாறிப் போகும் என்று ஞானம் சிஸ்டரிடம் பலமுறை சொன்னேன். என் வார்டில் எப்போதாவது மாறியிருக்கிறதா என்று கேட்பார். மாறியதில்லை.

வசந்தி சேர்ந்த மூன்றாவது மாதம் நடந்ததுதான் முக்கியம். காய்ச்சல் காலம். வார்டில் நடக்க இடமில்லை. பதினான்காம் படுக்கைக்காரரின் மனைவி, நடுத்தர வயதுப் பெண், டாக்டர் எப்போது வருவார் என்று வசந்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். வசந்தி சட்டென்று திரும்பி, "சுனாயி நஹீ தேத்தா க்யா? பாஹர் நிக்லோ!" என்றாளாம். காது கேட்காதா, வெளியே போ என்று. கையிலிருந்த தெர்மாமீட்டரால் வாசலைக் காட்டினாளாம். ஆயா ஒருத்தி கைதட்டி, "லோ, சோட்டி ஞானம் ஆ கயீ" என்றாள். சின்ன ஞானம் வந்துவிட்டாள் என்று வார்டே சிரித்தது. வசந்தியும் சிரித்தாள். அவளுக்கு அது பெருமையாக இருந்தது என்று பின்னாளில் அவளே சொன்னாள். இனி நான் புதுசு இல்லை என்று தோன்றியதாம். அந்தப் பெண் மட்டும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மருந்துத் தட்டோடு நின்ற ஞானம் சிஸ்டர் சிரிக்கவில்லை.

பணி முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்னய வார்டை விட்டு மாத்துங்க மேடம்."

"எங்கே?"

"மனுசங்க இல்லாத எடமாப் பாருங்க."

"காரணம் சொல்லுங்கள்."

நடந்ததைச் சொன்னார். பிறகு, "நான் இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு இப்பிடிப் பேசத் தெரியாது மேடம். ஒவ்வொருத்தர்கிட்டயும் அண்ணாச்சி, அக்கான்னுதான் சொல்லுவேன். அது ஒழிஞ்சுபோவ ஆறேழு வருசம் ஆச்சு. இந்தப் பிள்ளைக்கு மூணே மாசத்துல வந்துட்டு. நான் இருந்தா அது இன்னும் சீக்கிரம் கெட்டுப்போவும்" என்றார்.

ஓய்வு வேண்டுமா என்று கேட்டேன். "தூங்குனா போற அசதி இல்ல மேடம் இது. காலைல எந்திரிக்கும்போதே யாரையாவது ஏசணும்போல இருக்கு" என்றார். இப்போது இதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்து, செவிலியர் பள்ளிகளில் வகுப்பு நடத்துகிறார்கள். அன்று சிடுமூஞ்சி என்ற ஒரு பெயர்தான் இருந்தது.

மறுநாளே அவரை, கருவிகளையும் கட்டுத்துணிகளையும் கிருமி நீக்கும் பிரிவுக்கு மாற்றினேன். டாக்டர்கள் எதிர்த்தார்கள். அந்த வார்டை வேறு யார் நடத்துவார் என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். புகாருக்குப் பயந்து நான் அவரைத் தண்டித்துவிட்டேன் என்று செவிலியர் சங்கத்தினர் வந்து பேசினார்கள். அவராகக் கேட்டுக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவர் கேட்டிருந்தார்.

வசந்தியும் வந்தாள். "என்னாலதானே மேடம் சிஸ்டரை மாத்தினீங்க?"

"ஆமாம்."

அவள் வேறு பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். தாராளமாக விடலாம், உன் இடத்துக்கு ஆள் வந்த பிறகு விடு என்றேன். அரசாங்க மருத்துவமனையில் ஆள் எப்போது வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். வசந்தி தங்கிவிட்டாள்.

ஒரு நாள் கிருமி நீக்கும் பிரிவுக்குப் போனேன். ஞானம் சிஸ்டர் நீராவி இயந்திரத்தின் முன் நின்று, "ஏ சனியனே, சூடாவுதியா, செவுட்டுல ஒண்ணு வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "நல்லாருக்கு மேடம். எவ்வளவு ஏசுனாலும் இது முகத்தைத் தொங்கப் போடமாட்டேங்கு" என்றார்.

ஓராண்டு கழித்து, அடுத்த காய்ச்சல் காலத்தில், அவராகவே வார்டுக்குத் திரும்பக் கேட்டார். திருந்தி வந்தார் என்று எழுதினால் படிப்பதற்கு இதமாக இருக்கும். அப்படி இல்லை. குரல் அதேதான். ஒரே ஒரு மாற்றம்: யாரையாவது விரட்டிய பிறகு, அருகில் புதியவர்கள் இருந்தால் அவர்கள் பக்கம் திரும்பி, "ஊசி போடுறதப் பாத்துக்கிடுங்க. இத மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துக்காதீங்க" என்பார். மன்னிப்புக் கேட்கும் தொனியில் அல்ல. மருந்தின் அளவைச் சொல்வதைப் போல.

நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் என் கணவர் அதே வார்டில் சேர்க்கப்பட்டார். மத்திய அமைச்சகம் ஒன்றில் சார்புச் செயலராக இருந்தவர். லோதி ரோடு குடியிருப்பிலும் அலுவலகத்திலும் அவரை எல்லோரும் 'சார்' என்று மட்டுமே அழைத்திருந்தார்கள். "உன் சிஸ்டர் என்னைப் பன்னெண்டுங்கறா" என்று புகார் சொன்னார். அவர் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார் என்றேன். "நீ இத்தனை வருஷம் அங்கே என்ன பண்ணிண்டிருந்தே?" என்று கேட்டார். அன்று மாலை பார்வையாளர் நேரம் முடிந்தும் நான் உட்கார்ந்திருந்தேன். ஞானம் சிஸ்டர் வந்தார். "நேரம் ஆயிட்டு. வெளிய போங்க மேடம்" என்றார். அது நான் போட்ட விதி. எழுந்து போனேன்.

என் கணவர் இறந்தது ஒரு பிற்பகல். பணி மாறும் வேளை. நான் படுக்கையருகே நின்றிருந்தேன். ஓவர் பன்னிரண்டாம் படுக்கைக்கு வந்தது. "ராமசாமி சீனிவாசன், மன்னார்குடி" என்றார் ஞானம் சிஸ்டர். பிறகு, "பதிமூணு, சாயந்தரம் எக்ஸ்ரே" என்று நகர்ந்தார்.

ஞானம் சிஸ்டரும் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளாதவர்; தம்பி குடும்பத்தோடு இருந்தார். இந்த ஆண்டு சிறுநீரகம் கெட்டு, பெண்கள் வார்டில் ஒன்பதாம் படுக்கையில் சேர்ந்தார். அந்த வார்டின் பொறுப்பு இப்போது வசந்தியிடம். அவள் தன் வார்டில் எல்லா நோயாளிகளையும் பெயர் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள். முதல் நாள் ஓவரில், "ஒன்பது, ஞானசெல்வம்" என்று அவள் சொன்னதும் படுக்கையிலிருந்து குரல் வந்ததாம்: "நான் இன்னும் சாவலட்டி. ஒம்பதுன்னே சொல்லு."

நான் பார்க்கப் போன அன்று ஊசி போட ஒரு புதிய பெண் வந்தாள். கேரளத்துப் பெண் என்று நினைக்கிறேன். "ஏ அம்மா, உதர் கூமோ, ஜல்தி" என்று, சீக்கிரம் திரும்பச் சொல்லி அதட்டி, தோளைப் பிடித்துத் திருப்பினாள். நான் வாய் திறப்பதற்குள் ஞானம் சிஸ்டர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். அந்தப் பெண் போன பிறகு, "ஊசி நல்லாப் போடுதா. வலிக்கவே இல்ல" என்றார். அவள் போன பக்கம் பார்த்து, "அந்தப் பிள்ளை எங்கூட வேலை பாத்ததே இல்ல மேடம். நான் ரிட்டயர் ஆன பிறவு வந்தது. அதுக்கு இந்த வாய் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"வார்டிலிருந்து" என்றேன்.

"அப்ப வசந்திக்கும் என்னாலன்னு சொல்ல முடியாதுல்லா?"

இத்தனை ஆண்டுகள் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நோயாளிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆறுதலை யாருக்கும் கொடுத்தவரும் அல்ல, வாங்கிக்கொண்டவரும் அல்ல.

"வார்டாலும்தான், உங்களாலும்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்தபோது இருமல் வந்தது. "நீங்க ஒருத்திதான் மேடம் எனக்குச் சரியான டோஸ் குடுத்தீங்க" என்றார். பிறகு, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, வெளியே போங்கள் என்றார். முடிந்திருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இறந்த மறுநாள் ஓவரில் ஒன்பதாம் படுக்கையருகே நின்று, அவரைப் போலவே முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னதாக வசந்தி என்னிடம் தெரிவித்தாள். புதிய பெண்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்களாம். அன்று ஊசி போட்ட பெண் மட்டும், இது யார் என்று பிறகு வந்து கேட்டாளாம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். என் கணவரின் பெயரை அவர் சொன்ன குரல். உங்களில் சிலர் நினைக்கக்கூடும், அந்த வேளையில் அவர் குரல் இளகியிருக்கும் என்று. இளகவில்லை. முந்தைய வாரம் என்னை வெளியே போகச் சொன்ன அதே குரல்தான். கடைசிக் கட்டில் வரை கேட்டது.