தேளுக்கு இருந்த தடுப்பு

எண்பதுகளில் என் தங்கை விலங்கியல் ஆராய்ச்சி செய்தாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஆனால் என்னை எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தி ஏம்பலம் கிராமத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவள் ஆராய்ச்சிக்காகக் கொல்லையில் காய்ந்து கிடந்த கரும்புத் தோகையைப் புரட்டித் தேள் பிடித்தபோது விரலில் கொட்டிவிட்டது. ஓடிவந்தவள் முதலில் கேட்டாள்:

“தேளு ஓடிப்போச்சாக்கா?”

தேள் புட்டிக்குள் இருந்தது. பிறகுதான் என் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பாடமும் நடத்தினாள்.

“வெஷத்துல புரதத்தை அரிக்கிற என்சைம் இருக்குக்கா. வெஷமும் புரதந்தான், அது வெஷத்தையே தின்னுடாம தடுக்கிற பொருளும் அதுலயே இருக்கு. அதைத்தான் தேடறேன்.”

“இன்னாமா பேசுது பாரு!” என்று மெச்சினார் என் கணவர். என்னை ஒருநாளும் அவர் அப்படி மெச்சியதில்லை.

விரல் கடுப்பு பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தன் விஷம் தன்னையே தின்றுவிடாமல் இருக்கத் தேளுக்குக்கூட ஒரு தடுப்பு இருக்கிறது. எனக்கு எங்கே இருந்தது?