மஞ்சள் அறையை விட்டுப் போக மனமில்லாத ஜெனாரியோ

ஜெனாரியோ முப்பது வருஷம் எங்கள் சியரா மாநிலத்தின் செம்மண் சாலைகளில் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போனது சர்க்கரை வியாதியால். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஹெபடைட்டிஸ் சி மட்டும் டயாலிசிஸ் நிலையம் கொடுத்த இலவசம். ஒரே மருந்துக் குப்பியிலிருந்து பலருக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எனக்கும் அதே குப்பிதான்.

கிருமி பிடித்தவர்களைத் தனியே ஒதுக்கி, கதவில் மஞ்சள் தாள் ஒட்டினார்கள். மற்றவர்களுக்கான வெள்ளை அறையில் முப்பது பேருக்கு ஒரு டிவி. மஞ்சள் அறையில் நாலு பேருக்கு ஒரு டிவி, ஒரு ஜன்னல். தண்டனை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

ஜெனாரியோவுக்கு ஊசி ஏறுவது வலக்கையில், எனக்கு இடக்கையில். அவருக்கு இடப்பக்கம் என் நாற்காலி. ஆளுக்கு ஒரு கைதான் சும்மா இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பிஸ்கட் பொட்டலம் பிரியும்.

"நெய்வா, டாமினோ கட்டைய ஒளிக்காத. நான் பாத்துட்டேன்" என்று என்னை அதட்டுவார்.

"ஆமா, பஸ் ஓட்டறப்ப மாட்டைக்கூடப் பாக்காத கண்ணு, இதைப் பாத்துருச்சாக்கும்!"

மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த அறையில்தான். நானும்தான், மறைப்பானேன்.

பிறகு புது மாத்திரை வந்தது. மூன்று மாதம் தின்றால் கிருமி போய்விடும் என்றார்கள். நான் வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அவர் நல்ல பிள்ளையாய் விழுங்கினார். ஒருநாள் நர்ஸ் மரிலூசி காகிதத்தோடு ஓடி வந்தாள்.

"ஐயா, சுத்தமாயிருச்சு! திங்கக்கிழமைலேர்ந்து வெள்ளை ரூம்!"

ஜெனாரியோவின் முகம் தொங்கிப் போயிற்று. "இன்னொரு தடவை பாரும்மா. உங்க டெஸ்ட்டுல தப்பு வராதா?"

"மூணு தடவை பாத்தாச்சுங்கய்யா."

"வியாதி வந்தப்ப ஒரு தடவைதானே பாத்தீங்க!"

அழைத்துப் போய்விட்டார்கள். வெள்ளை அறையில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. 'மஞ்சள் அறைக்காரன்' என்று முணுமுணுத்தார்கள். அவர் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தால் வேறு ஷிப்டு கேட்டார்கள். குணமான மனுஷனைப் பார்த்தா பயம்? அடப் பாவிகளா! நோயாளியாக இருந்தபோது நாலு பேர் கூட இருந்தோம். குணமான பிறகு அவர் ஒண்டியாள்.

அன்றே மாத்திரையை விழுங்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் மாத்திரை, கிருமி போனதா என்று பார்க்க இன்னும் மூன்று மாதம் காத்திருப்பு. அதற்குள் எவளாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. நல்லவேளை, ஊர்க்காரர்களின் பயம் லேசில் போகிற பயம் இல்லை.

காகிதம் வந்ததும் மரிலூசி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நெய்வாம்மா, அங்க ஒரே ஒரு நாற்காலிதான் காலி. ஜெனாரியோ ஐயா பக்கத்துல. யாருமே உக்கார மாட்டேங்குறாங்க. உங்களுக்குப் பரவால்லையா?"

"என்ன பண்றது, என் தலையெழுத்து" என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அழுகை வந்துவிட்டது.