பதினேழு வரைக்கும் எண்ணினேன்

நின்றுபோன இதயத்தை எப்படி மறுபடி துடிக்க வைப்பது என்று ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஆழமாக, வேகமாக, முப்பது எண்ணும்வரை அமுக்க வேண்டும். நடுவில் நிறுத்தவே கூடாது.

அருமனையில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் இருந்த அப்பா அப்படியே இலைமேல் சரிந்தார். தரையில் கிடத்திப் பார்த்தேன். மூச்சு இல்லை, நாடியும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிக் கத்திவிட்டு அமுக்க ஆரம்பித்தேன். வாய்விட்டு எண்ணினேன். கண்ணீரும் கொட்டியது, அதை நான் என்ன செய்ய?

மகள் அப்பா நெஞ்சில் விழுந்து அழுகிறாள் என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பதினேழு எண்ணியபோது நாலைந்து பெண்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "விடுங்க, நான் அமுக்கணும்!" என்று திமிறினேன். திமிறத் திமிற இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். "அழாத மக்கா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சித்தி என் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். அதற்குள் ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அப்பா இல்லை.

அதற்குப் பிறகு சித்தியிடம் நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அது அநியாயம் என்று எனக்கே தெரியும்.

இப்போதும் வகுப்பில் நர்சுகள் பொம்மையின் நெஞ்சை அமுக்க, நான் உரக்க எண்ணுகிறேன். பதினேழு வரைக்கும்தான். பதினெட்டிலிருந்து அவர்களே எண்ணிக்கொள்ள வேண்டும்.