பூசி மறைத்த வெடிப்பு

பன்விலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு மேலே மலை நிற்கிறது. போன பெருமழைக்குப் பிறகு அதிலிருந்து கலங்கல் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பும் விழுந்தது. மண் சரியுமா என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து பாறை படித்தவர்கள் வருவதாகத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சொன்னார். எந்தக் காம்பராவை ஆபத்து என்று எழுதுகிறார்களோ அந்தக் குடும்பத்துக்கு வேறு இடத்தில் வீடு கட்டக் காணி கிடைக்குமாம். மகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சுவரோரம்தான் படுக்கிறார்கள். எனக்கு அந்தக் காணி வேண்டும்.

ஆனால் ஆள் வருகிறது என்றால் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். தீபாவளியோ பெண் பார்க்கும் சடங்கோ, சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். அன்றைக்கும் அதையே செய்தோம். வருகிறவர்கள் மலையைத்தானே பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டோம். நான் பூசினால் மேடு பள்ளம் தெரியாது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

வந்தவர்களில் ஒருவர் சிங்கள ஐயா, இன்னொருவர் யாழ்ப்பாணத்துப் பெண். அந்தப் பெண் சுத்தியலால் பாறையைத் தட்டினார், திசை காட்டும் பெட்டியை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி என் காம்பராவுக்குள் வந்தார்.

"பாறை லயத்தப் பாத்துச் சரிஞ்சு கிடக்கு அம்மா. தண்ணி இறங்கினா மேல் மண் வழுக்கும். எந்த அறைப் பக்கம் நிலம் அசைஞ்சிருக்கெண்டு வெடிப்ப வச்சுத்தான் எழுதோணும். இஞ்ச ஒண்டையும் காணேல்லையே?"

வாசலில் நின்ற பக்கத்துக் காம்பராக்காரி சிரித்தாள். "அக்கா பூசுனா கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டாருங்க மிஸ்!"

"வாய மூடு புள்ள. ஒன் சொவத்துலயும்தான் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன்.

"ஐயோ, என்னம்மா செய்யிறீங்கள்?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மிஸ், தூசி விழும்."

நானே பூசியதை நானே சுரண்டினேன். கை வலித்தது, மனதும்தான். வெடிப்பு முழுசாக வெளியே வந்ததும் அவர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். படம் எடுத்தார், அளந்தார்.

"நல்ல பூச்சு அம்மா" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

அதற்குள் லயம் முழுக்கச் சுரண்டும் சத்தம். சிங்கள ஐயா சுண்ணாம்புத் தூசியில் இருமிக்கொண்டே காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். என் காம்பராவையும் ஆபத்து என்று எழுதினார்கள். மழை பெய்தால் அங்கே படுக்க வேண்டாம் என்றார்கள். அதனால் மழை நாளில் கோயில் மண்டபத்துக்குப் போய்விடுகிறோம்.

இப்போது கீழ் ரோட்டுப் பக்கம் காணி அளந்து கயிறு கட்டியிருக்கிறார்கள். குசினி எந்தப் பக்கம் என்று மகள் இப்போதே சண்டை பிடிக்கிறாள். அடுப்பு கிழக்குப் பார்த்துத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.